முன்னறையில் பெற்றோல் மணம்

சகோதரிகளே, பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து வீடுகளில் மோட்டார் சைக்கிளை இரவில் வெளியே விடுவது குறைவு. மழைக்கும் திருட்டுக்கும் பயந்து, மஃரிபுக்குப் பிறகு அதை விறாந்தைக்கோ முன்னறைக்கோ ஏற்றி விடுகிறோம். தோட்டங்களுக்குப் புடைவை கொண்டுபோய் விற்கும் கணவருடைய வண்டியாக இருந்தாலும், வகுப்புக்குப் போகும் மகனுடைய வண்டியாக இருந்தாலும் அதற்கு அதே இடம்தான். விடிந்து எழும்பினால் வீடெல்லாம் பெற்றோல் மணம். கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் மணக்கும்" என்று பதில் வரும்.

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பழைய வண்டியானாலும் நிறுத்தி வைத்திருக்கும்போது மணக்கக் கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, கதவிடுக்கால் குசினிக்குப் போகும். சுபஹுக்கு எழும்பி முதலில் நெருப்புக் குச்சி கிழிப்பவர் யார்? நீங்கள்தானே!

சரி, பெற்றோல் எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுக் கூரையில் தண்ணீர் டாங்கி இருந்தால் அதை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறி, நீர் வரும் வாயை மூடிவிடும். பந்து கெட்டால் டாங்கி வழியும். மோட்டார் சைக்கிளின் காபரேட்டருக்கு அடியில் உள்ள சிறு கிண்ணத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே இருக்கும் மிதவையை பாஸ்மார் 'புளோட்' என்பார்கள். பெற்றோல் உயர்ந்ததும் அது ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். இந்த யுக்தி ஐரோப்பாவின் மோட்டார் வண்டியோடு பிறந்ததல்ல. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள் முஹம்மத், அஹ்மத், ஹஸன் மூவரும் தங்கள் 'கிதாபுல் ஹியல்' நூலில் மிதவையால் தானாக மூடித் திறக்கும் அடைப்பான்களை விவரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னரே கிரேக்கர்கள் நீர்க் கடிகாரத்தில் மிதவையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மிதவை நிற்க வேண்டிய உயரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிசகினாலே வண்டியின் குணம் மாறிவிடும். பெற்றோல் மட்டம் கூடினால் அடிக் குழாயால் சொட்டும். கரும்புகை வரும், பிளக் கறுக்கும், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். மட்டம் குறைந்தால் மணம் இராது. ஆனால் தோட்டத்து ஏற்றத்தில் முழு வேகம் கொடுக்கும் நேரத்தில் எஞ்சின் பெற்றோல் கிடைக்காமல் திணறும்.

நமது பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்ரெயில் பைக் மோகம் அதிகம். தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? (2024 ஏப்ரல் 21 அன்று அங்கே கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு உயிர்கள் போனதைத் தாய்மார் மறந்திருக்க மாட்டீர்கள்.) ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த ட்ரெயில் பைக்குகள் பலவும் காபரேட்டர் வண்டிகள். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழையதைத் தட்டித் தட்டி ஓட்டினோம். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் முறையில் தந்தபோது, அதிலும் ஒரு பங்கு சொட்டிப் போன வீடுகள் இருந்திருக்கும். நீண்ட நாள் தேங்கி நின்ற பெற்றோல் பிசின் போலப் படிந்து ஊசியை ஒட்ட வைக்கும் என்பதும் இதில் சேரும்.

கராஜில் செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. வெளியே, நெருப்பில்லாத இடத்தில், டாங்கித் திறப்பை மூடி, கிண்ணத்துப் பெற்றோலை வடித்துவிட்டுக் காபரேட்டரைக் கழற்ற வேண்டும். முதலில் ஊசியின் ரப்பர் நுனியைப் பார்க்க வேண்டும். அதில் வளையம் போலத் தேய்வு விழுந்திருந்தால் எந்த அளவும் உதவாது, ஊசியையே மாற்ற வேண்டியதுதான். அடுத்தது மிதவை. காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை. சந்தேகமென்றால் மிதவையைத் துடைத்து ஒரு கோப்பைச் சுடுநீரில் அமிழ்த்துங்கள், குமிழி வந்தால் உறுதி. சுடுநீரைக் குசினியிலிருந்து கொண்டு போகலாம், காபரேட்டரைக் குசினிக்குக் கொண்டு வரக் கூடாது.

இரண்டும் நல்லதென்றால்தான் அளவு. கிண்ணத்தைக் கழற்றிய காபரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, மிதவையின் சிறு உலோக நாக்கு ஊசியின் முனையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வைக்க வேண்டும். ஊசியின் தலையில் உள்ள நுண்ணிய ஸ்பிரிங் அமுங்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். கிண்ணம் பொருந்தும் விளிம்பிலிருந்து மிதவையின் எதிர் நுனி வரை அளந்து, அந்த வண்டியின் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு வண்டியின் எண் இன்னொன்றுக்குச் சரிவராது. அளவு கூடினால் பெற்றோல் மட்டம் குறையும், அளவு குறைந்தால் மட்டம் கூடும். காபரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து அளப்பதால் இப்படித் தலைகீழாக வருகிறது. பிசகு இருந்தால் அந்த நாக்கைச் சிறிய குறட்டால் மயிரிழை வளைக்க வேண்டும். மிதவையை அழுத்தி வளைத்தால் ஊசி நுனி நசுங்கிவிடும். நாக்கே பிளாஸ்டிக்காக இருந்தால் வளைக்க முடியாது, மிதவையை மாற்றத்தான் வேண்டும்.

"ஹப்புத்தளையில் காற்று மெலிசு, அதற்காக மிதவையைக் கொஞ்சம் இறக்கினேன்" என்று சொல்லும் பாஸ்மாரும் உண்டு. பதுளை நகரம் சுமார் 680 மீற்றர், ஹப்புத்தளை சுமார் 1,430. உயரப் போகப் போகக் காற்று மெலிவது உண்மைதான். ஆனால் அதற்கு மாற்ற வேண்டியது ஜெட் எனப்படும் துளைத் திருகாணி. மிதவையை இறக்கினால், வெல்லவாயப் பக்கம் போய்த் திரும்பும் ஏற்றத்தில் வண்டி வழியில் நிற்கும். ஆகவே வண்டி திரும்பி வந்ததும் கேளுங்கள்: "மிதவை உயரம் எத்தனை மில்லிமீற்றர் இருந்தது, எத்தனையாக வைத்தீர்கள்?" அளந்தவர் எண்ணைச் சொல்வார்.

வண்டி சரிந்து விழுந்தால் குழாயால் கொஞ்சம் வழிவது இயல்பு, நிமிர்த்தியதும் நின்றுவிடும். நிமிர்ந்து நிற்கும்போதும் சொட்டினால்தான் கோளாறு. அது சரிசெய்யப்படும் வரை வண்டியை வீட்டுக்குள் எடுக்க விடாதீர்கள். சரியான பிறகும், இரவில் டாங்கித் திறப்பை மூடிவிட்டுத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். பல நாள் சொட்டிய வண்டியென்றால் எஞ்சின் எண்ணெயையும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். எண்ணெய் பெற்றோல் மணத்தால், அதை மாற்றும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.