இடாப்பும் திறப்பும்

எமது கல்லூரிக் கந்தோரில் நின்ற மர அலுமாரியைப் பழைய மாணவர் மறந்திரார். மாணவர் அனுமதி இடாப்பு அதனுள்ளே இருக்கும். திறப்போ தலைமை இலிகிதரின் இடுப்பை விட்டு அகலாது. தந்தையார் தொழில், வறுமை காரணமாகப் பெற்ற சலுகை, பிள்ளையின் நோய் ஆகிய யாவும் அவ்விடாப்பில் இருந்தன. ஆசிரியராகிய நாம் ஒரு விவரம் வேண்டிச் சென்றாலும், இலிகிதர் அந்த ஒரு பக்கத்தை மாத்திரம் காட்டுவார். மறுபக்கத்தைப் புரட்ட விடார். அன்று அவர்மீது சினங்கொண்டோம். இன்று அவரை வணங்கத் தோன்றுகின்றது.

இப்பொழுது இடாப்புகள் கணினித் தரவுத்தளங்களாகி வருகின்றன. யூபிலி நினைவாகப் பழைய மாணவர்கள் கணினிகள் உதவ முன்வந்தமை நன்றிக்குரியது. ஆயின், இடாப்பைத் திருடுவோன் அதனைச் சுமந்து செல்லல் வேண்டும்; தரவுத்தளத்தில் உள்ளவற்றைத் திருடினால், அவை இருந்த இடத்திலும் இருக்கும், கள்வன் கையிலும் இருக்கும். 2024 டிசம்பரில், ஐக்கிய அமெரிக்காவிலே பாடசாலைகளின் மாணவர் விவரங்களைப் பேணும் பவர்ஸ்கூல் என்னும் நிறுவனத்திலிருந்து இலட்சக்கணக்கான பிள்ளைகளின் விவரங்கள் கவரப்பட்டன. மதிலேறி எவரும் குதிக்கவில்லை. களவாடிய கடவுச்சொல் ஒன்றே வழி திறந்தது.

அத்துணைத் தூரம் போவானேன்? நாம் சென்ற பாடசாலையொன்றில், கந்தோருக்கெல்லாம் பொதுவான கடவுச்சொல் கணினித் திரையின் ஓரத்திலே கடதாசித் துண்டில் ஒட்டப்பட்டிருக்கக் கண்டோம். “எல்லாரும் நம்மவர்தானே, சேர்” என்றார் அங்கிருந்தவர். அந்த ‘நம்மவர்’ என்ற சொல்லே எமக்கு அச்சந் தருகின்றது. சலுகை பெறும் பிள்ளையின் வறுமையை வகுப்பிலே பரப்புபவர் வெளியூர்க் கள்வரல்லர்.

ஆதலின் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும் என்கின்றோம். புள்ளி பதியும் ஆசிரியர்க்கு நோய்க்குறிப்புத் தெரியவேண்டியதில்லை. நூலகர்க்குப் பெயரும் வகுப்பும் போதும். யார், எப்பொழுது, எதனைப் பார்த்தார் என்பதைத் தரவுத்தளமே குறித்து வைத்தல் வேண்டும். அதிபர் அக்குறிப்பை வாரந்தோறும் நோக்குதலும் வேண்டும். எவரும் நோக்காத குறிப்பு இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? மாற்றலாகிச் செல்பவரின் கடவுச்சொல் அன்றே நீக்கப்படல் வேண்டும்.

இதனால் வேலை கூடும் என ஆசிரிய நண்பர் முணுமுணுப்பர். கூடுந்தான். ஆயினும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையிற் சேர்த்துள்ளது. சட்டம் இல்லாத நாளிலேயே எமது இலிகிதர் அதனைச் செய்து காட்டினார்.

பழைய மாணவருள் கணினித்துறை வல்லுநர் பலர் உளர். அவர்கள் கணினிகளோடு தம் விடுமுறையில் இரண்டொரு நாளையும் தருவாராயின், அடுத்த ஆண்டு அனுமதிக்கு முன்னரே இவ்வொழுங்குகளை அமைத்துவிடலாம்.