உத்திரத்தில் விழும் வெட்டு

களமருதூரிலும் உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பல ஊர்களிலும், பாட்டனார் கட்டிய மச்சு வீட்டை இடித்துத் தரைமட்டமாக்காமல், அதையே செப்பனிட்டு வாழ வேண்டுமென்று விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது மனத்துக்கு மிகுந்த ஆறுதல் தருகிற விஷயம். ஆனால் அந்த விருப்பம் வேலையாக உருவெடுக்கும்போது, ஒயரும் குழாயும் கண்ணில் படக்கூடாது என்ற ஒரே ஆசையினால், மாடித் தளத்தைத் தாங்கி நிற்கிற தேக்குக் கட்டைகளிலேயே காடி வெட்டி அவற்றைப் புதைத்துவிடுகிறார்கள். வீட்டின் ஆயுளை நீட்டிக்கத் தொடங்கிய காரியம் அந்த ஆயுளையே அறுப்பதாக முடிகிற இந்த வழக்கத்தை நிறுத்தியாக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அந்தத் தளத்தின் அமைப்பு எளிமையானது, ஆயினும் நுட்பமானது. சுமார் 18 அங்குல இடைவெளியில் தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவசமாகவும் மூலைவாட்டமாகவும் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்து முடித்தார்கள். அந்த அமைப்பில் ஒயருக்கும் குழாய்க்கும் இடம் வைக்கவில்லை. அவை அன்று வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. பிற்காலத்தில் மின்சாரம் வந்தபோதுகூட, மெல்லிய தேக்குச் சட்டத்தைச் சுவரில் ஆணியடித்து, கிளிப் வைத்து, ஒயரை எல்லோரும் பார்க்கும்படியாகவே ஓட்டினார்கள். இன்று ஏ.சி.க்கு ஒரு ஒயர், மோட்டாருக்கு ஒரு ஒயர், கீசருக்கு ஒரு ஒயர் என்று தேவைகள் பெருகிவிட்டன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் வாசல்வரை வந்த குடிநீரை மாடிக்கும் ஏற்ற வேண்டியிருக்கிறது. இந்தச் சௌகரியங்களை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவை செல்லும் பாதையைப் பற்றியதே என் கவலை.

இரு சுவர்களின் மேல் கிடக்கும் ஒரு கட்டை பாரத்தினால் சற்றே வளையும்போது, அதன் மேல்பாகம் நெருக்கப்படுகிறது, அடிப்பாகம் இழுக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பாகத்தில்தான் வளைவினால் உண்டாகும் சிரமம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மேல்நாட்டு வீடுகளில் தரைப் பலகையைப் பெயர்த்தால் கட்டையின் மேல்முகம் கைக்கு எட்டும். நம்முடைய தளத்திலோ மேல்முகம் செங்கல்லுக்கும் ஜல்லிக்கும் அடியில் புதைந்து கிடப்பதால், ஏணி போட்டு ஏறுகிற ஒயர்மேனின் கட்டிங் மெஷினுக்கு அகப்படுவது அடிமுகம் ஒன்றே. அதாவது, இழுப்பை மிக அதிகமாக ஏற்கிற, ஒரு கீறல்கூட விழக்கூடாத முகம். ஆறு அங்குல உயரமுள்ள கட்டையில் ஓர் அங்குலம்தானே வெட்டினோம் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை கட்டையின் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெட்டிய இடத்தில் 36 பங்காக இருந்த வலிமை 25 பங்காகக் குறைந்து, ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது போய்விடுகிறது. அதோடும் நிற்பதில்லை: காடியின் கூரிய மூலையிலிருந்து நாரின் போக்கிலேயே வெடிப்பு ஓடத் தொடங்கும். இதை எந்த ஆசாரியும் அறிவார்; ஆனால் ஒயரிங் வேலை நடக்கும் நாளில் ஆசாரியை யாரும் அழைப்பதில்லை.

துளையே கூடாது என்பதன்று. பிரிட்டனில் நெடுங்காலமாக அனுசரிக்கப்படும் ஒரு விதியின்படி, துளையைக் கட்டையின் உயரத்துக்கு நடுவே போடவேண்டும். அதன் விட்டம் உயரத்தில் கால்பங்கைத் தாண்டக்கூடாது. சுவரிலிருந்து அதன் தூரம், கட்டையின் நீளத்தில் கால்பங்குக்கும் பத்தில் நான்கு பங்குக்கும் இடையில் இருக்கவேண்டும். பத்தடி நீளமும் ஆறு அங்குல உயரமும் உள்ள நம் ஊர்க் கட்டைக்கு இதைப் பிரயோகித்தால், சுவரிலிருந்து இரண்டரை அடிக்கும் நான்கு அடிக்கும் இடையே, ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத ஒரு துளை என்று ஆகிறது. ஓர் அங்குல ஒயர் பைப் அதில் தாராளமாக நுழையும். சுவரையொட்டித் துளைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அங்கே வளைவு குறைவென்றாலும், கட்டையை நாரோடு நாராகப் பிளக்கும் வேறொரு விசை சுவரருகில்தான் உச்சமாக இருக்கிறது; அதுவும் கட்டையின் நடு உயரத்திலேயே மிகுதி. மேலும், சுவருக்குள் பதிந்த முனைதான் ஈரத்தாலும் கரையானாலும் முதலில் உளுத்துப்போகும் இடம்.

கழிவுநீர்க் குழாயின் விஷயத்தில் இந்தச் சலுகையும் இல்லை. மாடியில் புதிதாகக் கழிவறை கட்டுகிறவர்கள் நான்கு அங்குலக் குழாயைக் கட்டைகளின் குறுக்கே கொண்டுபோக முயல்வது, வீட்டின் முதுகெலும்பையே முறிக்கும் செயல். நாற்பதுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால் பத்தடிக்குள் குழாய் மூன்று அங்குலம் இறங்கவேண்டும். ஆறு அங்குலக் கட்டையில் அதற்கு ஏது வழி? கட்டைகளுக்கு இணையாக, அந்தப் பதினெட்டு அங்குல இடைவெளிக்குள்ளேயே ஓட்டி, வெளிச்சுவருக்குக் கொண்டுவந்து இறக்குவது ஒன்றே தக்க மார்க்கம். அது வராதென்றால், கழிவறையின் இடத்தை மாற்றவேண்டுமே ஒழியக் கட்டையை அறுக்கக்கூடாது.

கான்கிரீட் வீட்டுக்காரர்களும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். சாதாரண ஸ்லாபில் கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் நடுவே கான்கிரீட்டின் கனம் இருபது மில்லிமீட்டர் அளவே. அடியில் காடி எடுத்தால் கம்பி வெளியே தெரியும். தெரிந்த கம்பி துருப்பிடிக்கும். துருவோ இரும்பைவிடப் பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உதிர்த்துவிடும். பீமில் குழாய்க்காகக் கம்பியையே அறுப்பது எவ்வகையிலும் மன்னிக்கத் தகாதது.

இதில் தொழிலாளியை மட்டும் நான் குறைகூற மாட்டேன். ஒயரை மறைத்துக் கொடு, ஒரே நாளில் முடித்துக் கொடு என்று வற்புறுத்துகிறவர் வீட்டுக்காரர். மறைக்க வழியில்லை என்று சொன்னால் வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறவரும் அவரே. பிளம்பரும் ஒயர்மேனும் கொத்தனாரும் ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல், வேறு வேறு நாட்களில் வந்து அதே கட்டையை மூன்று இடங்களில் குடைந்துவிட்டுப் போகிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் நாரோட்டத்தைக் கைவிரலால் தடவியே உணர்கிற கைகள் உள்ள இந்த மாவட்டத்தில், உத்திரத்தின் மேல் உளி வைக்குமுன் ஓர் ஆசாரியின் யோசனையைக் கேட்பது அசாத்தியமான காரியமா? அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் பிரிவுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு, எங்கே துளைக்கலாம், எங்கே தொடவே கூடாது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்துக் கட்டையைக் காட்டியே விளக்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர்களோ, ஒயர் வெளியே தெரிவது கௌரவக் குறைவென்ற எண்ணத்தை விடவேண்டும். கட்டையின் பக்கவாட்டில் நேராக, ஒழுங்காக ஓட்டிய ஒரு பைப், அந்த அறையின் அழகை எவ்விதத்திலும் கெடுப்பதில்லை.

ஏற்கெனவே வெட்டுப்பட்ட கட்டைகள் உள்ள வீடுகளில், அடியில் முட்டுக் கொடுத்து, தேர்ந்த ஆசாரியையும் ஒரு பொறியாளரையும் கொண்டு பார்வையிட்டு, வெட்டின் இருபுறமும் நீண்டு செல்லும்படி பக்கத்தில் புதுக் கட்டையையோ இரும்புத் தகட்டையோ வைத்துப் போல்ட் போட்டு இறுக்கச் செய்யலாம். அந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பழைய சுண்ணாம்புத் தளம் வெடிப்புகளின் வழியே நீரை உறிஞ்சிக் கனத்துப்போவது அப்போதுதான்.