ஜிம் ஊசியும் ஆண் உடலும்

உடுமலைப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயர் தெரியாவிட்டாலும் அதன் வேலை தெரியும். செவலையாகப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் மயிலையாகிறது. காயடிக்காமல் பூச்சிக்காளையாக வளர்ந்தால் திமிலும் தொடையும் கறுக்கின்றன. காயடித்த எருதுக்கு அந்தக் கருமை இல்லை.

ஆணின் தசை, எலும்பு, தாடி, கட்டைக்குரல் எல்லாம் இதே ஹார்மோனின் வேலைதான். அதனாலேயே உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். தசை திரள்வது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வரத்து கூடியதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரை சுருங்கும், விந்தணு குறையும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. 1990-ல் வெளியான முடிவின்படி, பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. மிகுதியான டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி மார்பு வீங்கலாம், ரத்தம் கெட்டிப்படலாம்.

மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. அதிகாரிகள் கறாராகச் சோதிக்க வேண்டும்.

குழந்தையில்லை என்று வரும் இளம் கணவரிடம் மருத்துவர்களும் ஊசி பற்றித் தயங்காமல் கேட்க வேண்டும். நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது.