பாலகாட்டிலிருந்து பார்க்கும் வீடு

வாடகை வீடு பார்ப்பதற்கு என்று ஒரு முறை உண்டு. கேட்டில் தொங்கும் 'டு லெட்' பலகையைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். உள்ளே போனதும் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே, "இந்தத் தெருவில் தண்ணீர் எப்படி?" என்று கேட்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு முழுநாள் வேண்டும். பெங்களூரில் வீடு தேடும் பாலகாட்காரருக்குக் கிடைக்காதது அந்த ஒரு நாள்தான்.

பாலகாட், கோலார் தங்கவயலின் ஒரு பகுதி. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்கம், பாலகாட் என்று ஜான் டெய்லர் கம்பெனி நிர்வகித்த சுரங்கங்களின் பெயர்களே காலப்போக்கில் ஊர்ப் பெயர்களாகிவிட்டன. 1880இல் அந்தக் கம்பெனி இங்கு கால் வைத்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பின்னர் அவை மத்திய அரசின் கைக்குப் போய், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி அந்த நிறுவனமும் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மண்ணுக்கடியிலிருந்து வந்த தங்கம் சுமார் 800 டன். மேலே எஞ்சியவை வரிசை வரிசையான தொழிலாளர் 'லைன்'கள், சயனைடு கழிவு மேடுகள், தமிழ் பேசும் ஒரு நகரம்.

வேலை போனதும் ஊர் ரயிலேறியது. மாரிகுப்பத்தில் தொடங்கி பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, தூங்கும் குழந்தையைப் பார்க்கவே திரும்பும் வாழ்க்கை.

பெங்களூரிலேயே குடியேறிவிட்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டால் விடை தெரியும். ரயில் சீசன் டிக்கெட்டுக்கு மாதம் சில நூறு ரூபாய் போதும். பெங்களூரிலோ பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பல்லாண்டு வழக்கம். மாத வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சாவியைத் தொடுவதற்கு முன்பே 1 லட்சம் ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். அதைப் புரட்டிய பிறகு வீடு தேட வேண்டும். தினக்கூலிக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. நாலு வீடு பார்த்தால் நாலு நாள் சம்பளம்.

இந்த இடத்தில்தான் கைப்பேசி உள்ளே வருகிறது. தரகரோ வீட்டுக்காரரோ வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பில் வருகிறார். "இது ஹால், இது பெட்ரூம், இது கிச்சன், பாருங்க சார்" என்று கையில் போனுடன் வீட்டைச் சுற்றி வருகிறார். பாலகாட்டில் இருப்பவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே மாரத்தஹள்ளியில் ஒரு சமையலறையைப் பார்த்துவிடலாம். மனைவி பார்க்கலாம், மாமியார் கருத்துச் சொல்லலாம். விடுப்பு வேண்டாம், டிக்கெட் வேண்டாம்.

இது ஒரே நாளில் வந்த பழக்கமல்ல. 2010களில் ஹவுசிங் டாட் காம், பெங்களூரிலேயே பிறந்த நோபுரோக்கர் போன்ற நிறுவனங்கள் வீட்டின் படங்களை வீடு தேடுபவரின் கைக்கே கொண்டுவந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பயணிகள் ரயில்கள் நின்றபோது, வேறு வழியே இல்லாமல் போயிற்று. இங்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் அந்த ஆண்டு மே மாதம் வீட்டுச் சந்தையை மீண்டும் திறந்துவிட்ட அரசு, முதல் பார்வையைக் கூடியவரை திரை வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னது. நோய் தணிந்தது. பழக்கம் நின்றுவிட்டது.

வீட்டைப் பார்க்காமலே குடியேறுவது தங்கவயலுக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்கத்துக்கு வந்த பாட்டன்மார்களில் யாரும் வீடு பார்த்துவிட்டு வரவில்லை. ஆள் பிடிப்பவரின் வாய்ச்சொல்லை நம்பி வந்தார்கள். மூங்கில் தட்டி அடைத்த ஓர் அறையைக் காட்டி, 'இதுதான் உன் வீடு' என்றார்கள். அதற்குள் ஒரு குடும்பமே ஒடுங்கியது. குழாயும் கழிப்பறையும் லைனுக்குப் பொது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் இழுத்து வந்த மின்சாரம் சுரங்கங்களை ஓட்டியது. பெங்களூருக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. அன்று நகரத்துக்கு முன்னோடியாக இருந்த ஊர், இன்று நகரத்தில் ஓர் அறைக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆனால் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டனுக்கு வீடு வேலையோடு வந்தது, பிடிக்கவில்லை என்றாலும் அட்வான்ஸ் போகவில்லை. பேரன் தவறாகத் தேர்ந்தெடுத்தால் போவது 1 லட்சம் ரூபாய்.

அந்தத் தவறு எங்கே நடக்கிறது? கேமரா பொய் சொல்வதில்லை. காட்டியதை மட்டும் சொல்கிறது. போனின் அகலக் கோண லென்ஸில் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். மூக்குக்கும் காதுக்கும் திரையில் இடமில்லை. பின்புறச் சாக்கடையின் நாற்றம், கீழ்த்தளத்து வெல்டிங் பட்டறையின் சத்தம், பகலிலும் விளக்கு போட வேண்டிய இருட்டு எதுவும் வீடியோவில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். 2024 கோடையில் பெங்களூரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்தார்கள். மழைக்காலத்தில் எடுத்த வீடியோவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டத்தான் செய்யும். அது காவிரியா, போர்வெல்லா, டேங்கரா என்று குழாய் சொல்லாது.

இதே குறை எதிர்த்திசையிலும் உண்டு. தங்கவயலுக்கு மாற்றலாகி வரும் ஒருவர் வெளியூரிலிருந்தே இங்கு வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் பளிச்சென்று ஒரு வீடு திரையில் தெரியும். காற்றடிக்கும் மாதங்களில் கழிவு மேடுகளிலிருந்து பறந்து வரும் தூசி தெரியாது. (அந்த மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்திருக்கிறது.) அதைவிட முக்கியமானது பத்திரம். சுரங்கம் மூடிய பிறகும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் கம்பெனி வீடுகளில் தொடர்ந்து வாழ்ந்துவருகின்றன. அவற்றுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது அவர்களின் நெடுநாளைய கோரிக்கை. ஒரு வீட்டில் வாழ்பவர் வேறு, அதன் சட்டப்படியான உரிமையாளர் வேறு என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாடத்தைப் பெங்களூர் வீட்டுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். போனைப் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் அதை வாடகைக்கு விட உரிமை உள்ளவர்தானா என்று எந்த வீடியோவும் சொல்வதில்லை.

மோசடிக்காரர்கள் குடியிருப்பது இந்த இடைவெளியில்தான். வேறு விளம்பரத்திலிருந்து எடுத்த படங்களைப் போட்டு, நியாயத்துக்கும் குறைவான வாடகை சொல்வார்கள். "இன்னும் மூணு பேர் கேட்டிருக்காங்க, டோக்கன் போட்டா உங்களுக்கே" என்பார்கள். டோக்கன் போனதும் போன் அணைந்துவிடும். ராணுவ அதிகாரி என்றோ மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரர் என்றோ சொல்லிக்கொண்டு, சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவது இன்னொரு வகை. இதில் வீட்டுக்காரரும் ஏமாறுகிறார். "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்ற பேச்சை நம்பினால் பணம் வருவதற்குப் பதில் போய்விடும். யுபிஐயில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. இந்த ஒரு வரி நினைவிருந்தால் போதும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் போனால்தான் அதை முடக்க வாய்ப்பு.

பேசப்படாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. வீடியோ அழைப்பில் இரண்டு பக்கமும் கேமரா உண்டு. வாடகைக்கு வருபவர் வீட்டைப் பார்க்கும்போதே வீட்டுக்காரர் அவரைப் பார்க்கிறார். "சொந்த ஊர் எது?" "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" "முழுப் பெயர்?" என்ற கேள்விகள் எதைத் தேடுகின்றன என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் விழும் மௌனத்துக்கு விளக்கம் தேவையில்லை. டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் சந்திக்கும் பாகுபாட்டைத் தொலைபேசியிலும் நேரிலும் விசாரித்துச் சோதித்த ஓர் ஆய்வை சுகதேவ் தோரட்டும் சகாக்களும் 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில் வெளியிட்டார்கள். வீடு கிடைத்தவர்கள்கூட நியாயமற்ற நிபந்தனைகளுக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. முன்பெல்லாம் படியேறி வந்தவரிடம் 'வீடு போயிடுச்சு' என்று முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அழைப்பைத் துண்டித்தால் போதும், சிக்னல் மேல் பழி போட்டுவிடலாம்.

சட்டம் என்ன செய்கிறது? மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரி மட்டுமே. மாநிலங்கள் தங்கள் சட்டமாக ஏற்றால்தான் உயிர் வரும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர என்று ஒரு சன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நாடெங்கும் 11 மாத ஒப்பந்தங்களே எழுதப்படுகின்றன. திரையில் வீடு பார்ப்பவருக்கு என்று தனிப் பாதுகாப்பு எதுவும் இவற்றில் இல்லை.

எனவே பாதுகாப்பைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பதிவு செய்து அனுப்பிய வீடியோவை ஏற்காமல், நேரடி அழைப்பு கேட்பது முதல் படி. அழைப்பில் தெருவிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். தெருப் பலகை, வாசல், மாடிப்படி, அறை என்று இடையில் வெட்டாமல் வரச் சொன்னால் வேறு வீட்டின் படத்தைக் காட்ட முடியாது. குழாயைத் திறக்கச் சொல்லலாம், சன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொல்லலாம். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை பார்த்தால் வெளிச்சமும் சத்தமும் ஓரளவு பிடிபடும். அண்மைய சொத்து வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் வீட்டுக்காரர் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். நேரில் பார்க்கும்வரை டோக்கன் என்ற பெயரில் ஒரு ரூபாயும் கூடாது. நாலு வீட்டைத் திரையில் பார்த்துக் கழித்துவிட்டு, மிஞ்சும் ஒன்றை மட்டும் நேரில் பார்த்தாலே மூன்று நாள் சம்பளம் மிச்சம். திரையின் உண்மையான பயன் அவ்வளவுதான், அதுவே சிறியதல்ல.

அந்த ஒரு வீட்டைப் பார்க்கவும் நாள் இல்லையென்றால், தங்கவயல்காரரிடம் வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. தினமும் அதே பெட்டியில் எதிரே உட்கார்ந்து வருபவர்களில் ஒருவர் அந்தப் பேட்டைக்குப் பக்கத்தில் வேலை செய்வார். இல்லையென்றால் அவருடைய மைத்துனர் அங்கே குடியிருப்பார். சாயங்காலம் ஒரு நடை போய், சுவரைத் தடவிப் பார்த்து, எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, மறுநாள் காலை ரயிலில் அவர் சொல்லும் நாலு வார்த்தைக்கு எந்த வீடியோவும் ஈடாகாது. "வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி வாரத்துக்கு ரெண்டு நாளாம், வேணாம் விடுப்பா."