சுவரைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு இப்போது வண்ணம் பூசுகிறார்கள். வகுப்பறை வெளியே ரயில் பெட்டி, உள்ளே கூரை வரைக்கும் பொம்மைப் படங்கள். நன்கொடை தருகிறவர்களின் நல்ல மனசு அதில் தெரிகிறது. ஆனால், எங்கள் பள்ளியில் அந்தப் பெயின்டுக்கு அடியில் ஒரு கரும்பலகை போய்விட்டது. பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் மூன்று சுவர்களிலும் ஓடிய பலகை. கட்டம் கட்டமாகப் பிரித்து, மேலே ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதியிருந்தோம். அது திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பலகை செயல்வழிக் கற்றலோடு வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கிவைத்தார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள்தான் அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்து, ஏணிப்படியாகச் சுவரில் ஏறியது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அம்மாவோடு கரும்பு வெட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிற பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். “நீ இல்லாதப்ப நடத்தி முடிச்சாச்சு” என்று யாரும் சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை அதன் ஆகப் பெரிய நியாயம் இதுதான்.

குறைகளும் இருந்தன. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வரத் தாமதமாகும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கதை கேட்கிற நேரம் சுருங்கியது. “டீச்சர் பாடமே நடத்தறதில்ல, பிள்ளைங்க அட்டையத் தூக்கிக்கிட்டு அலையுது” என்று பெற்றோர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் உண்மையும் உண்டு. குறைகளைச் சரிசெய்திருக்கலாம். அட்டையோடு சேர்த்து அந்தச் சுவரையும் பறித்திருக்க வேண்டாம்.

அந்தச் சுவர் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கடன் வாங்கிக் கழித்தல் இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகளை மிரட்டும் கணக்கு. 42-லிருந்து 17 போக வேண்டும். ஒரு பையன் முன்னால் நாலு கட்டு ஈர்க்குச்சி, உதிரியாக இரண்டு குச்சி. கட்டுக்குப் பத்துக் குச்சி, ரப்பர் பேண்டு போட்டது. ஏழு குச்சி தர வேண்டும். “ரெண்டுதான் டீச்சர் இருக்கு” என்றான். நான் பேசாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள்தான், “கட்டைப் பிரிடா” என்றாள். ரப்பர் பேண்டை இழுத்தான். பன்னிரண்டு உதிரியில் ஏழைக் கொடுத்தான். மிச்சமிருந்த மூன்று கட்டில் ஒன்றைக் கொடுத்தான். பிறகு எழுந்து போய்த் தன் கட்டத்தில் நாலை அடித்து மூன்று போட்டு, கீழே 25 என்று எழுதினான். “ஏன்டா நாலை அடிச்ச?” என்று இன்னொருத்தன் கேட்டான். “ஒரு கட்டைப் பிரிச்சிட்டேன்ல, மூணுதானே இருக்கு” என்று இவன் விளக்கினான்.

இதை ஆசிரியர் உயரத்துப் பலகையில் நான் எழுதிக் காட்டியிருந்தால் இருபது பேரும் நோட்டில் சரியாகவே பார்த்து எழுதியிருப்பார்கள். ஏன் அடிக்கிறோம் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுவரில் பிள்ளை எழுதுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். கேள்வி அங்கேதான் பிறக்கிறது. தப்பாக எழுதினாலும் பயமில்லை, உள்ளங்கையால் துடைத்துவிடலாம்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் நல்லவை நிறைய உண்டு. பாட்டு, முகமூடி, விரல் பொம்மை எல்லாம் வகுப்புக்கு வந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பதும் தேவையானதே. என் மனக்குறை வேறு. எந்தப் பாட்டு, எந்த விளையாட்டு, எத்தனை நிமிடம் என்பதையும் கையேடே சொல்லிவிடுகிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கையேட்டையும் வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பல்லாங்குழியை வைத்து எண்ணிக்கை சொல்லித் தந்த ஓர் ஆசிரியையிடம், “இது இந்த வாரத்தில் இல்லையே” என்று கேட்டதை நான் அறிவேன். புதுமையைக்கூட உத்தரவாகத்தான் இறக்க வேண்டுமா?

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிற ஒரு பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் எல்லாமே மற்றவர் தலையில். அந்த நெருக்கடியில் ஆசிரியர் தானாக ஒன்றைச் செய்து பார்ப்பது அரிது. அப்படிச் செய்கிறவரைத் தடுக்காமல் இருந்தாலே போதும். நாளுக்கு ஒரு பாடவேளையைக் கையேட்டிலிருந்து விடுவியுங்கள். பாட்டோ சந்தைக் கணக்கோ மரத்தடியோ, அந்த ஆசிரியரே முடிவு செய்யட்டும். ஆய்வுக்கு வருகிறவர் பதிவேட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு பிள்ளையோடு பாயில் உட்கார்ந்து, “இதை எப்படிப் போட்ட?” என்று கேட்கட்டும்.

சுவருக்குப் பெரிய நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். படங்கள் மேலே இருந்துவிட்டுப் போகட்டும், கீழே மூன்றடி போதும். பெயின்ட் அடிக்க நன்கொடையாளர் வரும்போதே, கீழ்ப்பகுதியைக் கரும்பலகையாக விடச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போடலாம். கோடை விடுமுறைக்குள் முடிகிற வேலை.