பால்வாடி என்றால் பணம் இல்லையா?

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிறது, வல்லம்.

நெல்லும் மணிலாவும் விளையும் பகுதி. பொழுது விடிந்ததும் தாய்மார்கள் களை எடுக்கப் போக வேண்டும். மணிலா பிடுங்கப் போக வேண்டும். இடுப்பில் இருக்கும் பிள்ளையை எங்கே விடுவது?

பால்வாடியில்தான்!

அரசாங்கம் "அங்கன்வாடி" என்று பெயர் வைத்தாலும், ஜனங்களுக்கு அது பால்வாடிதான். பிள்ளைகள் அங்கே சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம் அதுவே. தமிழ்நாட்டில் இத்தகைய மையங்கள் சுமார் 54 ஆயிரம் உண்டு.

உரிமையா, முயற்சியா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" மேடை ஏறும் அரசியல்வாதிகள் அடிக்கடி சொல்லும் பழமொழி இது.

ஆனால், சட்டம் என்ன சொல்கிறது? 2002-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி உரிமை ஆயிற்று. 6 வயதுக்குக் கீழே? "அரசு முயற்சி செய்ய வேண்டும்" என்பதோடு சரி.

உரிமை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். முயற்சி என்றால் சாக்குச் சொல்லலாம்!

இரு கட்சியும் ஒன்றே

2019 ஜனவரியில் 2,381 பால்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அ.தி.மு.க. அரசாங்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அதற்கென்று புதிய ஆசிரியர்கள் போடப்படவில்லை. ஏற்கனவே வேறு வகுப்பு நடத்தியவர்களே மாற்றி அனுப்பப்பட்டார்கள்.

2022 ஜூன் மாதம் தி.மு.க. அரசாங்கம் அந்த ஆசிரியர்களைத் திருப்பி அழைத்தது. வகுப்பே நின்றுவிடும் என்ற நிலை. எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களில் "வகுப்புகள் தொடரும்" என்று மந்திரி அறிவித்தார். சிறப்பு ஆசிரியர்கள் போடப்பட்டார்கள். சம்பளம் எவ்வளவு? மாதம் 5 ஆயிரம் ரூபாய்!

ஒருவர் விதைத்துவிட்டுத் தண்ணீர் விடவில்லை. மற்றவர் பயிரைப் பிடுங்கப் பார்த்தார்.

ஒரு கணக்கு

2017-ல் சட்டசபை உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 55 ஆயிரம் ரூபாயில் இருந்து 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. உயர்வு மட்டும் 50 ஆயிரம்.

234 பேருக்கும் கணக்குப் போட்டால், அந்த உயர்வு மட்டும் மாதம் 1 கோடியே 17 லட்சம் ரூபாய்.

2,381 மையங்களுக்கும் ஆளுக்கு 5 ஆயிரம் வீதம் ஒரு ஆசிரியர் போட்டால், மாதம் 1 கோடியே 19 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றே!

சட்டசபை உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் செலவு உண்டு. ஆனால், அவர்களுக்குத் திறக்கும் கஜானா, பிள்ளைக்கு மட்டும் பூட்டிக்கொள்வது ஏன்? படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவிலா?

மனம் வேண்டும்

1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தபோது கஜானா நிரம்பி வழியவில்லை. ஜனங்களிடம் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போடப்பட்டது. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பால்வாடிப் பிள்ளைக்கும் சோறு கிடைத்தது. மனம் இருந்தது; மார்க்கம் பிறந்தது.

வயிற்றுக்குச் சோறு போட்ட நாடு, அறிவுக்கும் போட வேண்டாமா? 54 ஆயிரத்தில் 2,381 என்றால், நூற்றுக்கு 5 கூட இல்லை. ஒவ்வொரு பால்வாடியிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். அவர் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, வல்லத்துத் தாய்மார்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும்:

"ஐயா, உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது? எங்கள் பிள்ளைக்கு டீச்சரம்மா எப்போது வருவார்?"