தொடுவானம் எவ்வளவு தூரம்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பேருந்தில் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வயல்வெளி முடிகிற இடத்தில் வானம் தரையைத் தொடுவதுபோல் தெரியும். அந்த இடம் எவ்வளவு தூரம்? பத்து மைல் என்பார் ஒருவர். ஐம்பது மைல் என்பார் இன்னொருவர். கணக்குப் போட்டுச் சொல்பவர் அரிது. இத்தனைக்கும், அதற்கு வேண்டிய இரண்டு தேற்றங்களும் உங்கள் பாடப் புத்தகத்தில்தான் இருக்கின்றன!

'தொடுவானம்' என்ற சொல்லிலேயே வழி இருக்கிறது. உங்கள் கண்ணிலிருந்து அங்கே செல்லும் பார்வைக்கோடு, பூமி என்னும் வட்டத்துக்கு ஒரு தொடுகோடு. தொடும் புள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். எனவே பூமியின் மையம், தொடும் புள்ளி, உங்கள் கண் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாகின்றன. பூமியின் ஆரத்தை ஆ என்றும், கண்ணின் உயரத்தை உ என்றும், தொடுவானத்தின் தூரத்தை தூ என்றும் கொள்வோம். கர்ணத்தின் நீளம் ஆ + உ. பிதாகரஸ் தேற்றத்தின்படி,

(ஆ + உ)² = ஆ² + தூ²

சுருக்கினால், தூ² = (2 × ஆ × உ) + உ². இதில் உ² மிகமிகச் சிறியது, விட்டுவிடலாம்.

பூமியின் ஆரம் 6,370 கி.மீ. உங்கள் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர், அதாவது 0.0016 கி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் தூ² ஏறத்தாழ 20.4. அதன் வர்க்கமூலம் 4.5. ஆக, சமதரையில் தொடுவானம் வெறும் நாலரை கிலோமீட்டர்தான்!

இனி செஞ்சிக் கோட்டைக்குப் போவோம். ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். உச்சியில் நின்றால் தொடுவானம் 55 கி.மீ. தள்ளிப் போகிறது. திண்டிவனமும் விழுப்புரமும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உயரம் 150 மடங்கு கூடியது, தூரமோ 12 மடங்கே கூடியது. இரு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும்.

இந்த உண்மை நில அளவையாளர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. 1802-இல் சென்னையில் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். சமவெளியில் பார்வை எட்டாததால் அவர் மலைகளையும் கோபுரங்களையும் நாடினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மாணவ நண்பர்களே, என் கருத்து இதுதான். தேற்றத்தை ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். பூமி உருண்டை என்பதையும் புத்தகம் சொல்கிறது என்பதற்காகவே நம்புகிறோம். இரண்டும் அறிவியல் ஆகா. வடிவியல் பாடத்தின் ஒரு வகுப்பாவது வெட்டவெளியில் நடக்க வேண்டும்.

'மரமும் வீடும் மறைக்கின்றனவே, கணக்கு எங்கே சரியாக வரும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காற்று ஒளியைச் சற்றே வளைப்பதால் உண்மைத் தூரம் சுமார் 8 சதவீதம் கூடவும் செய்யும். கணக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது, ஏன் என்று கேட்பதுதான் கற்பது.

மரக்காணம் கடற்கரையில் மறைக்க மரமில்லை. நீர்விளிம்பில் நின்று, தொலைவில் செல்லும் படகைப் பாருங்கள். முதலில் மறைவது அடிப்பகுதி. கடைசியில் மறைவது மேற்பகுதி. பிறகு உட்கார்ந்து பாருங்கள். தொடுவானம் அருகே வந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு கணக்கு: விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 37 கி.மீ. இடையிலுள்ள தரை சமமாக இருப்பதாகக் கொண்டால், இரண்டு ஊரிலும் சம உயரமுள்ள கோபுரங்களில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் பார்க்க, கோபுரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? 27 மீட்டர் என்று வந்தால், தேற்றம் உங்களுடையதாகிவிட்டது என்று பொருள்.